இளைப்பு நோய்க்கு இன்றைய மருத்துவம்

(பெங்களூருவில் தமிழ் மக்கள் படிக்கும் ஒரு மாலை வகுப்பில், ஓய்வு பெற்ற அரசு டாக்டரம்மா ஒருவர் பேசியது)



பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டில் சமையல் காத்திருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கையில் ஆளுக்கு ஒரு ஸ்ட்ரா கொடுத்திருக்கிறேன். இளநீர் குடிக்கிற ஸ்ட்ராதான். அதை வாயில் வையுங்கள். மூக்கை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இனி ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடுங்கள். இளைப்பு உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

முடியவில்லையா? அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் எல்லாரும் ஸ்ட்ராவை எடுத்துவிட்டீர்கள். சிரிக்கிறீர்கள். சிரிக்க முடிகிறது, ஏனென்றால் உங்களால் ஸ்ட்ராவை எடுத்துவிட முடியும். இளைப்பு வந்தவரால் எடுக்க முடியாது. இரவெல்லாம் அந்த ஸ்ட்ரா வழியாகத்தான் அவர் மூச்சு விட வேண்டும்.

இந்த நோய்க்கு ஊருக்கு ஒரு பெயர். இளைப்பு என்பார்கள். இழுப்பு, இரைப்பு என்பார்கள். இப்போது குழந்தைகளுக்கு வந்தால் 'வீசிங்' என்கிறார்கள். டாக்டர்கள் ஆஸ்துமா என்று எழுதுவார்கள். எல்லாம் ஒன்றுதான். நம் நாட்டில் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2019ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இதைவிட என்னை வருத்துவது வேறொரு கணக்கு. உலகத்தில் ஆஸ்துமா வந்தவர்கள் 100 பேர் என்றால், அதில் சுமார் 13 பேர் இந்தியர். ஆஸ்துமாவால் இறந்தவர்கள் 100 பேர் என்றால், அதில் 40 பேருக்கு மேல் இந்தியர்.

ஏன் அப்படி? மருந்து இல்லையா? இருக்கிறது. நம் நாட்டிலேயே தயாராகிறது. வெளிநாட்டுக்கும் போகிறது. அது சரியான ஆளுக்கு, சரியான முறையில் போய்ச் சேரவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

நம் நெஞ்சுக்குள் மரத்தைத் தலைகீழாக நட்டதுபோல மூச்சுக் குழாய்கள் இருக்கின்றன. பெரிய குழாய் பிரிந்து சிறிய குழாய்கள் ஆகின்றன. அவை பிரிந்து இன்னும் சிறிதாகின்றன. இளைப்பு வருகிறபோது அந்தச் சின்னக் குழாய்களில் மூன்று காரியம் நடக்கிறது. குழாயின் உள்சுவர் புண் போலச் சிவந்து வீங்குகிறது. குழாயைச் சுற்றி உள்ள தசை இறுகுகிறது. உள்ளே கெட்டியான சளி சேர்கிறது. வழி குறுகிவிடுகிறது. காற்று அந்தச் சின்ன இடுக்கில் போய் வருகிறபோதுதான் விசில் சத்தம் கேட்கிறது.

தசை இறுகுவது சட்டென்று நடக்கும். மருந்து கொடுத்தால் சட்டென்று விடும். ஆனால் வீக்கம் அப்படி இல்லை. மூச்சு சரியான பிறகும் அது உள்ளே இருக்கும். நோயாளி நன்றாக நடப்பார், சிரிப்பார், மாவு ஆட்டுவார். வீக்கம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப் போவது எல்லாம் இதில் இருந்துதான் வரும்.

சரி, ஏன் வீங்குகிறது? நம் உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள். கிருமி வந்தால் சண்டை போடுவது அவர்கள் வேலை. சிலருடைய உடம்பில் இந்தக் காவல்காரர்களுக்குக் கொஞ்சம் அவசர புத்தி. தூசியைக் கண்டாலும் திருடன் என்று நினைத்துத் தடியை எடுத்துவிடுவார்கள். பூவின் மகரந்தம் வந்தாலும் அடிதடிதான். இதைத்தான் அலர்ஜி என்கிறோம். தமிழில் ஒவ்வாமை. அலர்ஜி என்ற சொல்லை 1906ஆம் ஆண்டு வியன்னா நகரத்து டாக்டர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே உண்டாக்கினார். இன்று டீக்கடையில்கூட அந்தச் சொல் புழங்குகிறது. சண்டை மூக்கில் நடந்தால் தும்மல், மூக்கு ஒழுகல். தோலில் நடந்தால் தடிப்பு, அரிப்பு. மூச்சுக் குழாயில் நடந்தால் இளைப்பு. ஒரே வீட்டில் அப்பாவுக்குத் தும்மல், மகளுக்கு இளைப்பு, பேரனுக்குத் தோல் அரிப்பு என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றும் பங்காளிகள். இளைப்பு உள்ள எல்லாருக்கும் அலர்ஜி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இருக்கும்.

இது தொற்று நோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எது தூண்டிவிடுகிறது?

ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகும். அதனால் பொதுவாகச் சொல்கிறேன். நம் பாயிலும் மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்கின்றன. தூசிப் பூச்சி என்பார்கள். நம் உடம்பில் இருந்து உதிரும் தோல் துகள்தான் அவற்றுக்குச் சாப்பாடு. கடிக்காது. ஆனால் அவற்றின் கழிவு பலருக்கு ஆகாது. போர்வை, தலையணை உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். கரப்பான் பூச்சியும் இப்படித்தான். ஈரச் சுவரில் பிடிக்கும் பூஞ்சையும் இப்படித்தான். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்குகிறபோது இளைப்புள்ள ஆள் வெளியே இருக்கட்டும். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் நல்லது.

பிறகு புகை. விறகுப் புகை, வறட்டிப் புகை, பீடிப் புகை, பட்டாசுப் புகை. கொசுவத்திச் சுருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளியே வரும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட் புகையில் இருக்கும் அளவு என்று 2003ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. குழந்தை படுக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கொளுத்துகிறோம். கொசுவலை கட்டினால் போதும்.

நம் பெங்களூருவைப் பற்றி ஒரு விஷயம். டாக்டர் எச். பரமேஷ் என்ற குழந்தை மருத்துவர், இங்கே மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளைப் பல வருடம் கணக்கெடுத்தார். 1979ஆம் ஆண்டு 100 குழந்தைகளில் 9 பேருக்கு ஆஸ்துமா. 1999ஆம் ஆண்டு 100க்கு 29 பேர். இருபது வருடத்தில் மூன்று மடங்கு! மரம் குறைந்து, வண்டியும் புகையும் நெரிசலும் கூடிய வருடங்கள் அவை. இங்கே காலி மனைகளில் வெள்ளைப் பூ பூக்கும் பார்த்தீனியச் செடியைப் பார்த்திருப்பீர்கள். 1950களில் வெளிநாட்டுக் கோதுமையோடு கலந்து வந்தது என்று சொல்வார்கள். அதன் மகரந்தமும் பலருக்கு ஆகாது. அதைப் பிடுங்குகிறபோது வெறுங்கையால் தொடாதீர்கள்.

சளிக் காய்ச்சல், குளிர்காற்று, ஓட்டம், அழுகை, கோபம், இவையும் இளைப்பைக் கிளப்பும். சிலருக்குச் சில வலி மாத்திரை ஆகாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். வாழைப்பழம், தயிர், கொய்யா, ஆரஞ்சு என்று எல்லாவற்றையும் நிறுத்திக் குழந்தையை எலும்பும் தோலுமாக ஆக்கிவிடாதீர்கள். ஒரு பொருளைச் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் தொல்லை வந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள்.

வாளியும் கூரையும்

மழை பெய்கிறது. கூரை ஒழுகுகிறது. என்ன செய்வீர்கள்? முதலில் வாளியை எடுத்து ஒழுகுகிற இடத்தில் வைப்பீர்கள். அது அவசரத்துக்கு. மழை விட்டதும் கூரையைச் சரி செய்ய வேண்டும். வருடம் முழுவதும் வாளியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் குடியிருக்க முடியுமா?

இளைப்புக்கும் இரண்டு வகை மருந்து இருக்கிறது. ஒன்று வாளி மருந்து. சால்பியூட்டமால் என்று பெயர். இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடத்தில் மூச்சு வரும். நாலு மணி நேரம்போல வேலை செய்யும். ஆனால் வீக்கத்தை அது தொடவே தொடாது. இன்னொன்று கூரை மருந்து. பியூடசோனைடு, பெக்ளோமெத்தசோன் என்று பெயர்கள். நீளமான பெயர்கள்தான். எழுத்துக்கூட்டிப் படியுங்கள், வந்துவிடும். இது வீக்கத்தை ஆற்றும். உடனே தெரியாது. நாள் கணக்கில், வார கணக்கில்தான் பலன் தெரியும். அதனால்தான் நம் ஆட்களுக்கு இதன் மேல் நம்பிக்கை வருவதில்லை. 'அந்த மருந்து அடித்தால் மூச்சு வருது டாக்டர், இது சும்மா' என்பார்கள். சும்மா என்று சொல்கிற அந்த மருந்துதான் உயிரைக் காப்பாற்றுகிற மருந்து.

பல வருடமாக டாக்டர்களும் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். இளைப்பு லேசாக இருந்தால் வாளி மருந்து மட்டும் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். 2019ஆம் ஆண்டு உலக அளவில் ஆஸ்துமா மருத்துவத்துக்கு வழி சொல்லும் ஜீனா என்ற அமைப்பு அதை மாற்றியது. பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் வாளி மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, வீக்கத்துக்கான மருந்தும் சேர்ந்தே போக வேண்டும் என்றது. காரணம், லேசான இளைப்பு என்று நினைத்த ஆட்களும் திடீரென்று ஒரு நாள் கடுமையாக வந்து இறந்துபோனார்கள்.

இப்போது இரண்டும் சேர்ந்த இன்ஹேலர் வந்திருக்கிறது. பியூடசோனைடோடு ஃபார்மோடெரால் என்ற மருந்து. ஃபார்மோடெராலும் குழாயை உடனே தளர்த்தும். அதனால் மூச்சு முட்டுகிற நேரத்தில் எடுத்தால் வாளியும் கூரையும் ஒன்றாகப் போகிறது. லேசான நோய் உள்ளவர் தேவைப்படும்போது மட்டும் அதை எடுக்கலாம். கொஞ்சம் கடுமை என்றால் தினமும் எடுக்க வேண்டும். யாருக்கு எது என்பதை டாக்டர் சொல்வார். சேர்ந்த மருந்து எல்லாமே இப்படி அவசரத்துக்கு ஆகாது. ஃபார்மோடெரால் உள்ளதுதான் ஆகும். அதனால் பக்கத்து வீட்டு இன்ஹேலரைக் கடன் வாங்காதீர்கள்.

சால்பியூட்டமால் டப்பாவில் பொதுவாக 200 முறை அடிக்கிற மருந்து இருக்கும். வருடத்தில் மூன்று டப்பாவோ அதற்கு மேலோ காலியானால் உங்கள் கூரை மோசமாக ஒழுகுகிறது என்று பொருள். எண் எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டதே உங்களுக்கு! டப்பா வாங்கிய தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள். கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

என் அக்கா

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். சொல்கிறேன்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். சின்ன வயதில் இருந்து அவளுக்கு இளைப்பு. மார்கழி வந்தால் அம்மா அவளை மடியில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு விடிய விடிய முதுகைத் தடவுவார். படுத்தால் மூச்சு முட்டும். அதனால் இரண்டு பேரும் உட்கார்ந்தே தூங்குவார்கள். கல்யாணம் பேசுகிற நேரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பெண் கரையேற வேண்டும் என்ற கவலைதான்.

அக்கா மாத்திரையை அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் போட்டுக்கொள்வாள். அரிசி அளக்க மாமியார் வந்த நாளில் போட்டுக்கொள்ள மாட்டாள். 1986ஆம் ஆண்டு தை மாதம், பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்த தூசி. இரவில் மூச்சு முட்டியது. சாதாரணச் சளி என்று சொல்லி சுக்குத் தண்ணீர் வைத்துக் குடித்தாள். வீட்டில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? விடிகிறபோது அவள் இல்லை. வயது 22.

அவள் மாமியார் எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். 'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சம்பந்தி?' எங்கள் அம்மா அதற்கு அன்றும் பதில் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

இன்றும் என்னிடம் இன்ஹேலரை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். 'வீட்டுக்காரருக்குத் தெரியாது டாக்டரம்மா' என்பார்கள். 'அவரை அடுத்த முறை கூட்டிக்கொண்டு வா, நான் பேசுகிறேன்' என்று சொல்வேன். ஏன் தெரியுமா? மூச்சு முட்டுகிறவளால் பேச முடியாது. பக்கத்தில் இருக்கிறவருக்கு மருந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கருவுற்ற பெண்களும் இந்த மருந்தை நிறுத்தக் கூடாது. தாய்க்கு மூச்சுக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் குறையும்.

'பழகிவிடும்' என்ற பயம்

இன்ஹேலர் என்றதும் மூன்று பயம் வரும். பழகிவிடும், கடைசி வைத்தியம், ஸ்டீராய்டு.

இன்ஹேலர் சாராயம் மாதிரிப் பழகுகிற பொருள் இல்லை. கண்ணாடி போட்டவர் தினமும் போடுகிறார். கண்ணாடி பழகிவிட்டது என்றா சொல்கிறோம்? கண்ணுக்குத் தேவைப்படுகிறது. அவ்வளவுதான். கடைசி வைத்தியமும் இல்லை. இதுதான் முதல் வைத்தியம்.

ஸ்டீராய்டு என்பது உண்மைதான். மறைக்கவில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். கணக்கு வகுப்பில் கிராம், மில்லிகிராம் படித்திருப்பீர்கள். ஒரு மில்லிகிராமை ஆயிரம் பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றில் 5 மில்லிகிராம் இருந்தால், அது 5,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு முறை அடித்தால் வருவது 100 அல்லது 200 மைக்ரோகிராம். மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, தலை முதல் கால் வரை சுற்றிவிட்டு நெஞ்சுக்கு வருகிறது. இன்ஹேலர் நேரே நெஞ்சுக்குப் போகிறது. இன்ஹேலருக்குப் பயந்து, 'சக்தி வாய்ந்த பொடி' என்று பெயர் தெரியாத மருந்தை மாதக் கணக்கில் சாப்பிட்டு, முகம் வீங்கி, சர்க்கரை ஏறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பொடியில் சில சமயம் இதே ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பார்கள். இன்ஹேலர் எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பிடிக்கும், குரல் கம்மும்.

இந்தச் சின்ன டப்பா எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனி இருந்தது. அதன் தலைவர் ஜார்ஜ் மைசன். அவர் மகளுக்கு இளைப்பு. அந்தக் காலத்தில் மருந்தைக் கண்ணாடிக் குமிழில் ஊற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கி இழுக்க வேண்டும். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் மருந்தை ஏன் டப்பாவில் போடக் கூடாது என்று அந்தச் சிறுமி அப்பாவைக் கேட்டாள். அது 1955ஆம் ஆண்டு. அடுத்த வருடமே இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்னால் நம் ஊரில் என்ன செய்தார்கள்? ஊமத்தை இலையைக் காய வைத்துப் புகை பிடித்தார்கள். சென்னையில் இருந்துதான் அந்த வழக்கம் 1802 வாக்கில் இங்கிலாந்துக்கே போனது. ஊமத்தையில் குழாயைத் தளர்த்துகிற பொருள் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் கூடவே விஷமும் இருக்கிறது. புத்தி பேதலித்துப் போகும். உயிரும் போகும். யாரும் செய்து பார்க்காதீர்கள்.

ஐதராபாத் மீன் மருந்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் ஒரு குடும்பத்தார் உயிருள்ள சின்ன விரால் மீனின் வாயில் மருந்தை வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது. அதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் வெளியே சொல்வதில்லை. அது நோயைக் குணமாக்குகிறது என்று காட்டுகிற ஆய்வு இல்லை. போவதும் போகாததும் உங்கள் விருப்பம். போகிறவர்கள் இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் அதை நிறுத்தாதீர்கள். தூதுவளை ரசமும் அப்படித்தான். குடியுங்கள். ஆனால் அது கூரை வேயாது.

எப்படி எடுப்பது?

ஒருவர் மூன்று மாதம் மருந்து எடுத்தும் குணம் இல்லை என்று வந்தார். எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பொடி மருந்துக் குப்பியைத் தண்ணீர் விட்டு விழுங்கிக் காட்டினார். அந்தக் குப்பியைக் கருவியில் போட்டு உடைத்து இழுக்க வேண்டும். விழுங்கினால் வயிற்றுக்குத்தான் போகும். இன்னோர் அம்மா தொண்டைக்கு வெளியே கழுத்தில் அடித்துக்கொண்டார். தப்பு அவர்கள் மேல் இல்லை. சீட்டு எழுதிய கை, செய்து காட்டவில்லை.

அழுத்தி அடிக்கிற டப்பா என்றால் இப்படி. முதலில் நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள். உதட்டால் இறுக்கிக் கவ்வுங்கள். மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்குகிறபோது ஒரு முறை அழுத்துங்கள். தொடர்ந்து நிதானமாக இழுங்கள். வாயை மூடி மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். பிறகு மூச்சை விடுங்கள். இன்னொரு முறை வேண்டும் என்றால் அரை நிமிடம் கழித்து. பொடி மருந்துக் கருவி என்றால் வேறு மாதிரி. வேகமாக, பலமாக இழுக்க வேண்டும்.

அழுத்துவதும் இழுப்பதும் பலருக்கு ஒன்றாக வராது. குழந்தைக்கு வரவே வராது. அதற்கு ஸ்பேசர் என்ற கூடு இருக்கிறது. மருந்து அதற்குள் நிற்கும், நாம் நிதானமாக இழுக்கலாம். வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் டாக்டர் ஹெதர் ஸார் என்ற பெண் மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் சாதாரண அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, இன்ஹேலர் வாயைச் செருகி, இடுக்கைப் பசையால் அடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கிய ஸ்பேசர் அளவுக்கே வேலை செய்தது. 1999ஆம் ஆண்டு அது வெளியானது. இடுக்கை அடைக்காத பாட்டில் அவ்வளவு வேலை செய்யவில்லை. அதனால் ஓட்டையை அளவாகப் போடுங்கள், நன்றாக அடையுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காய வையுங்கள். நான் ஒன்று செய்து கொண்டுவந்திருக்கிறேன். சுற்றில் விடுகிறேன், பாருங்கள்.

மருந்து விலை பற்றியும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் கேளுங்கள். மக்கள் மருந்தகம் என்கிற ஜன் ஔஷதி கடையிலும் கேட்டுப் பாருங்கள். பெரிய பெயர் போட்ட டப்பாவைவிட அங்கே விலை குறைவு.

மூக்கும் தோலும்

அலர்ஜித் தும்மலுக்குத் தூக்கம் வருகிற பழைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறாதீர்கள். கட்டட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தூக்கம் குறைவாக வருகிற புதிய மாத்திரைகள் இருக்கின்றன. வருடம் முழுவதும் மூக்கடைப்பு உள்ளவருக்கு மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே மாத்திரையைவிட நல்லது. மூக்கைச் சரி செய்தால் நெஞ்சும் அடங்கும்.

ஆகாத பொருளையே துளித் துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்குகிற ஊசியும் உண்டு. 1911ஆம் ஆண்டு லண்டனில் லெனார்டு நூன் என்ற டாக்டர் தொடங்கியது. மூன்று வருடம்போல ஆகும். தேர்ந்த டாக்டர் செய்ய வேண்டும். எந்த மருந்துக்கும் அடங்காத கடுமையான இளைப்புக்கு இப்போது புதிய ஊசிகள் வந்திருக்கின்றன. ஓமலிசுமாப் என்பது அவற்றில் முதலாவது. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல மருந்து. விலைதான் நம் எட்டாத உயரத்தில் இருக்கிறது. நூற்றில் சிலருக்குத்தான் அது தேவை. மற்றவர்களுக்கு ஒழுங்காக எடுத்த இன்ஹேலரே போதும்.

தேனீ கொட்டியோ, மருந்து சேராமலோ, சாப்பாடு சேராமலோ உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மயக்கம் வந்தால் அது வேறு வகை ஆபத்து. மாத்திரை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூச்சு முட்டினால்

நாலு என்ற எண்ணை நினைவில் வையுங்கள். ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். சால்பியூட்டமாலை ஸ்பேசரில் ஒரு முறை அடித்து 4 மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். இப்படி 4 முறை. பிறகு 4 நிமிடம் பாருங்கள். சரியாகவில்லையா, இன்னும் 4 முறை. அதற்கும் அடங்காவிட்டால் 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை மருந்தை இதே முறையில் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

சில அடையாளங்களைப் பார்த்தால் நாலு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுவது. உதடு நீலமாவது. குழந்தைக்கு விலா எலும்புக்கு இடையே குழி விழுவது. ஆள் சோர்ந்து தூக்கக் கலக்கமாக ஆவது. விசில் சத்தம் நின்றுவிட்டதே, குறைந்துவிட்டது என்று ஏமாறாதீர்கள். ஆள் சோர்ந்திருக்கிறபோது சத்தம் நின்றால் காற்றே போகவில்லை என்று பொருள். அது மிகக் கெட்ட அடையாளம்.

மற்ற நாட்களில் உங்களையே நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். போன நாலு வாரத்தில், பகலில் வாரம் இரண்டு முறைக்கு மேல் இளைப்பு வந்ததா? ராத்திரி இளைப்பால் விழித்தேனா? வாளி மருந்து வாரம் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? இளைப்பால் ஏதாவது வேலையை விட்டேனா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சில மாதம் தொடர்ந்தால் டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணன் கை தூக்குகிறார். என்ன கேட்கிறார்? 'எனக்குப் பத்து வருடமாக இருக்கிறது, இன்ஹேலர் சட்டைப் பையில்தான் இருக்கிறது, ஆனால் நான் எடுப்பது சரியா என்று தெரியவில்லை.' நல்ல கேள்வி. அடுத்த செவ்வாய்க்கிழமை இதே நேரம் நான் வருகிறேன். இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டு வாருங்கள். வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அண்ணன்தான் முதலில் எடுத்துக் காட்டப் போகிறார்.